பாலக்காட்டுக்கு ஓர் அணி: வாசல் கணக்கு சொல்வது

நாட்டின் முதல்நிலை விளையாட்டு லீக் ஒன்றில் ஆடும் அணியை ஒரு நடுத்தர நகரம் தாங்குமா என்ற கேள்வி, பாலக்காட்டிலும் அதன் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வட்டாரங்களிலும் பந்தாட்டப் பருவம் தொடங்கும்போதெல்லாம் எழுகிறது. கொச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் திருச்சூருக்கும் மலப்புறத்துக்கும் அணி இருக்கும்போது பாலக்காட்டுக்கு ஏன் இல்லை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மக்கள்தொகையை முன்வைத்தே வாதிடுகிறார்கள். மறுப்பவர்களும் அதே மக்கள்தொகையைத்தான் காட்டுகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி பாலக்காடு மாவட்டத்தில் 28 லட்சம் பேரும், நகராட்சி எல்லைக்குள் 1.31 லட்சம் பேரும் வாழ்ந்தனர். முதல் எண்ணைப் பார்த்தால் ஓர் அணிக்குத் தாராளமாகப் போதும், இரண்டாவதைப் பார்த்தால் நடக்கவே நடக்காது என்று தோன்றும். எல்லையோர ஊர்களின் பந்தாட்டங்களுக்கு டிக்கெட் கணக்கு எழுதும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர் இக்கட்டுரையின் ஆசிரியர். அந்தத் தொழில் காட்டிக்கொடுப்பது, இவ்விரண்டு எண்களுமே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பதை. ஓர் அணியின் ஆயுள், ஆட்டம் நடக்கும் நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, ஆட்டம் இல்லாத நாள்களின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள, இப்பகுதியின் செவன்ஸ் பந்தாட்டம் எந்தப் பொருளாதாரத்தில் ஓடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். செவன்ஸ் என்பது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இதற்குக் கிடையாது. மலபார் முழுவதும் மழைக்காலம் முடிந்ததிலிருந்து கோடையின் இறுதிவரை, அறுவடை முடிந்த வயல்களிலும் பள்ளி மைதானங்களிலும் இரவு விளக்கொளியில் இது நடக்கிறது. ஊர்க் கமிட்டி ஒன்று நிலத்தை வாடகைக்கு எடுத்து, கமுகு மரத்தையும் பலகையையும் இரும்புக் குழாயையும் கொண்டு தற்காலிகக் கேலரி கட்டி, விளக்குக் கம்பம் நட்டு, மைக் வைத்த ஜீப்பை ஊர் ஊராக ஓடவிட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் நாளுக்கொரு ஆட்டமாக நடத்தும். ஆடவரும் அணிகளில் செர்ப்புளச்சேரியின் அல் மதீனா, மண்ணார்க்காட்டின் லின்ஷா போன்றவை பாலக்காடு மாவட்டத்தின் பெயரையே சுமந்தவை. அணிக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகை, வீரருக்கும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிய கூலி. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஒரு பருவத்துக்கென்று வந்து தங்கும் வீரர்களின் ஏற்பாடும் ஏறத்தாழ இப்படித்தான் அமைகிறது. கடைசி ஆட்டம் முடிந்த மறுவாரம் கேலரியைப் பிரித்துவிடுவார்கள். வயலில் உழவு தொடங்கும். கையில் மிஞ்சியது ஊரின் நோய்த்தணிப்புச் சிகிச்சை மையத்துக்கோ வாசகசாலைக்கோ ஒரு குடும்பத்தின் மருத்துவச் செலவுக்கோ போகும். ஆட்டம் நிற்கும் அன்றே செலவும் நிற்கிறது என்பதே செவன்ஸின் பெரும் பலம்.

டிக்கெட் கணக்கு எழுதுபவர் இந்த ஏற்பாட்டில் கற்றுக்கொள்வது பல. ஒவ்வொரு வாசலுக்கும் வேறு நிறத்தில் வரிசை எண் அச்சிட்ட டிக்கெட் புத்தகம் போகும். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அடிக்கட்டைகள் திரும்பி வரும். விற்ற எண்ணும் கைக்கு வந்த பணமும் ஒத்துப்போகிறதா என்று இடைவேளைக்குள் பார்த்தாக வேண்டும். முதல் வாரக் கூட்டம் வேடிக்கை பார்க்க வருவது, அதை நம்பிக் கணக்குப் போட்டால் கமிட்டி கடனில் முடியும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் பெயரற்ற இரண்டு அணிகள் மோதும் ஓர் இடைநாள் இரவில் எத்தனை டிக்கெட் போனது என்பதுதான் அந்த ஊரின் உண்மையான கூட்டம். அந்த எண்ணையும் பலவிதமான சங்கதிகள் ஆட்டிவைக்கின்றன: பக்கத்து ஊரில் அதே நாளில் தொடங்கிய வேறொரு செவன்ஸ், பள்ளித் தேர்வு, கல்பாத்தித் தேர், நென்மாறை வல்லங்கி வேலா திருவிழா, எதிர்பாராத கோடைமழை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசிப் பேருந்து. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பார்வையாளர் பாலக்காட்டு மைதானத்தில் இறுதி விசில்வரை இருப்பாரா என்பதை ஆட்டத்தின் விறுவிறுப்பைவிடத் திரும்பிப் போகும் வண்டிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நகரத்தின் மக்கள்தொகை என்று ஏட்டில் இருக்கும் எண்ணுக்கும், இரவு ஒன்பதரைக்குமேல் மைதானத்தில் இருக்கக்கூடியவர்களின் எண்ணுக்கும் இடையே உள்ள தொலைவை இத்தொழிலில் இருப்பவர்கள் மறப்பதே இல்லை.

லீக் என்பது இதற்கு நேர்மாறான ஏற்பாடு. ஒவ்வோர் அணியும் மற்ற அணிகள் ஒவ்வொன்றோடும் ஒருமுறை சொந்த ஊரிலும் ஒருமுறை எதிரணியின் ஊரிலும் ஆடிப் புள்ளி சேர்க்கும் பல மாதத் தொடரே லீக்; அதில் சேரும் அணி வீரர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் மாதச் சம்பளமும், தங்குமிடமும், விமானக் கட்டணமும், பயிற்சி மைதானமும், இளையோர் அணிகளும் என்று ஆண்டு முழுவதும் செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியன் சூப்பர் லீக் எனப்படும் ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடரில் ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடலாம் என்று வைக்கப்பட்ட உச்சவரம்பு சில பருவங்களில் 16.5 கோடி ரூபாயாக இருந்தது. பாலக்காட்டில் ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள், ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேர், தலைக்கு 200 ரூபாய் என்று மிகவும் தாராளமாக வைத்தாலும் வாசலில் சேர்வது 2.4 கோடி. அந்தச் சம்பளத்தை மட்டும் வாசலிலிருந்தே எடுப்பதென்றால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 1,375 ரூபாய் கொடுத்தாக வேண்டும். செவன்ஸுக்கு நூறு ரூபாயை ஒட்டிய டிக்கெட் வாங்கும் விவசாயக் கூலியிடமும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளியிடமும் அதைக் கேட்க முடியாது. இத்துடன் லீக் நடத்தும் நிறுவனத்துக்கு அணிகள் ஆண்டுதோறும் கட்டிவந்த உரிமக் கட்டணமும் உண்டு. அதுவும் பத்துக் கோடியைத் தாண்டியது. கூட்டம் நிரம்பி வழிந்தாலும் கணக்கு நிரம்பாது என்பதைப் பாலக்காட்டுக்கு அணி கேட்கும் நண்பர்கள் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கொச்சியே இதற்குச் சான்று. கேரளத்தின் முதல் தொழில்முறைக் கால்பந்து அணியான எஃப்.சி. கொச்சின் 1997இல் தொடங்கி, ஐ.எம். விஜயனையும் ஜோ பால் அஞ்சேரியையும் வைத்துக்கொண்டு அதே ஆண்டில் டியூரண்ட் கோப்பையை வென்றது. கேரளத்திலிருந்து எந்த அணியும் அதற்குமுன் அக்கோப்பையைத் தொட்டதில்லை. ஆனாலும் நிதி வற்றிப்போய் 2002இல் அது மறைந்தது. 2004இல் பிறந்த விவா கேரளா பின்னர் சிராக் யுனைடெட் கேரளாவாக மாறி 2012இல் முடிந்துபோனது. 2014இல் வந்த கேரளா பிளாஸ்டர்ஸ் தொடக்கப் பருவங்களில் கலூர் அரங்கத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஐம்பதாயிரத்தை ஒட்டிய கூட்டத்தைத் திரட்டியது. இந்தியக் கால்பந்தில் இதற்கு ஈடான வாசல் வேறெங்கும் அரிது. அப்படிப்பட்ட ஊரிலும் அணியின் ஆயுள் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் போடும் பணத்தைச் சார்ந்தே இருக்கிறது. இதே கொச்சியின் பெயரில் 2011இல் ஆடிய ஐ.பி.எல். கிரிக்கெட் அணியான கொச்சி டஸ்கர்ஸ் கேரளா, 33 கோடி டாலருக்கு மேல் ஏலம் எடுக்கப்பட்டிருந்தும், வங்கி உத்தரவாதத்தைக் கட்டவில்லை என்ற காரணத்தால் ஒரே பருவத்தோடு நீக்கப்பட்டது.

கணவாயின் மறுபுறத்தில், பாலக்காட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயம்புத்தூரில் நடந்த சோதனைதான் இக்கேள்விக்கு மிக நெருக்கமானது. எல்லையோரத் தமிழர்களில் பலர் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். அப்போது நாட்டின் தேசிய லீக்காக இருந்த ஐ-லீகில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. அணி, 2017-18 பருவத்தில் கோயம்புத்தூரின் நேரு விளையாட்டரங்கத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டிருந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்றுநர் அக்பர் நவாஸின் கீழ் அடுத்த பருவத்தில் அந்த அணி ஆடிய விதம், கொங்குச் சீமையில் கால்பந்துக்கு ஆளில்லை என்ற பேச்சையே மாற்றியது. முன்கள வீரர் பெட்ரோ மான்ஸி ஒரே பருவத்தில் 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று அணி பட்டத்தைக் கைப்பற்றிய மாலையில் வாளையாறு தாண்டி வந்தவர்களும் கேலரியில் இருந்தார்கள். ஒரு நடுத்தர நகரம் தேசியப் பட்டத்தை வெல்ல முடியும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அணி 26 விழுக்காட்டுப் பங்கையும் வாங்கியது.

அதன்பின் நிகழ்ந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெருந்தொற்றின் காரணமாக 2020-21 ஐ-லீக் முழுவதும் கொல்கத்தா வட்டாரத்தில் மூடிய வளையத்துக்குள் நடந்தது. கோயம்புத்தூரின் வாசல் ஒரு பருவம் முழுவதும் பூட்டிக் கிடந்தது. அந்தப் பருவத்துக்குப் பிறகு அணி தேசிய லீகிலிருந்து மறைந்தது. இருபத்தொரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட பெருநகர்த் தொகுதியும், பம்புசெட்டிலும் நூற்பாலையிலும் பெயர்பெற்ற முதலாளிகளும், பட்டம் வென்ற அணியும் ஒருசேர வாய்த்திருந்தும் அது நிலைக்கவில்லை. அணி தலைநகரின் பெயரைத் தாங்கியிருந்ததால் உள்ளூர்க் கடைக்காரரும் மில் முதலாளியும் அதைத் தங்கள் அணியாக நினைத்து விளம்பரம் தரத் தயங்கினர் என்பது வாசலில் நின்றவர்களின் கணிப்பு. அக்கணிப்பில் நியாயம் உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. ஐ-லீகில் ஆடிய அணிக்குத் தொலைக்காட்சி உரிமையிலிருந்து வாழ்வதற்குப் போதிய பங்கு எதுவும் வந்ததில்லை. பட்டம் வென்ற ஆண்டிலும் மேல்நிலை லீகான ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிப்போக வழி அமைந்திருக்கவில்லை.

உலகின் மறுகோடியில் இந்தக் கேள்வி ஐஸ் ஹாக்கியின் பெயரால் கேட்கப்படுகிறது. பனித்தளத்தில் சறுக்குக் காலணியோடு ஆடும் அவ்விளையாட்டின் தலைமை லீகான வட அமெரிக்காவின் என்.எச்.எல்., தொலைக்காட்சியைவிட வாசல் வருமானத்தை அதிகம் நம்பியிருப்பது. ஆகவே நடுத்தர நகரங்களின் சோதனைக்களமாகவும் அதுவே இருந்துவருகிறது. ஏழெட்டு லட்சம் மக்கள் வாழும் கனடாவின் வின்னிப்பெக் நகரம் 1979இல் அந்த லீகில் சேர்ந்து, 1996இல் அணியை அமெரிக்கப் பெருநகரான ஃபீனிக்ஸுக்கு இழந்தது. கனடிய டாலர் சரிந்திருக்க, வருமானம் கனடிய டாலரிலும் சம்பளம் அமெரிக்க டாலரிலுமாக இருந்ததே அன்றைய நெருக்கடியின் உள்ளடக்கம். 2004-05 பருவம் முழுவதும் தொழில் தகராறில் ரத்தான பிறகு, ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பும் அணிகளுக்கிடையே வருமானப் பகிர்வும் வந்தன. 2011இல் அட்லாண்டாவின் அணி வின்னிப்பெக்குக்கே பெயர்ந்தபோது 13,000 பருவ டிக்கெட்டுகள் சில நாள்களில் விற்றுத்தீர்ந்தன. அணியைப் பெற்ற ஃபீனிக்ஸ் வட்டாரமோ, நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வைத்துக்கொண்டும் அதைத் தக்கவைக்கவில்லை. இறுதி இரு பருவங்களில் ஐயாயிரத்துக்கும் குறைவான இருக்கை கொண்ட பல்கலைக்கழக அரங்கத்தில் ஆடிவிட்டு அந்த அணி 2024இல் சால்ட் லேக் சிட்டிக்குப் போனது. வின்னிப்பெக்கிலும் பருவ டிக்கெட் எண்ணிக்கை பெருந்தொற்றுக்குப் பின் பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கி, உரிமையாளர்களே வெளிப்படையாகக் கவலை தெரிவிக்கும் நிலை வந்தது. ஆர்வம் மிக்க ஊரிலும் வாசலை மட்டும் நம்பிய அணிக்கு நிம்மதி கிடையாது.

இதனினும் தெளிவான சான்று அமெரிக்கக் கால்பந்தில் இருக்கிறது. கிரீன் பே என்ற ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். பாலக்காடு நகராட்சியைவிடச் சிறியது. அங்கே 1923 முதல் பொதுமக்களே பங்குதாரர்களாக இருந்து, லாபப் பங்கு எதுவும் எடுத்துக்கொள்ளாமல் நடத்தும் பேக்கர்ஸ் அணி, நாட்டின் மிகப் பணக்கார லீகில் இன்றும் ஆடுகிறது. தொலைக்காட்சி உரிமையை லீக் மொத்தமாக விற்று, நியூயார்க்குக்கும் கிரீன் பேவுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பதே அதன் காரணம்; 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஒளிபரப்புச் சட்டம் இதற்கு வழிசெய்தது. அண்மை ஆண்டுகளில் இவ்வழியாக ஓர் அணிக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல். ஊர் சிறிதா பெரிதா என்ற கேள்வியையே அந்தப் பகிர்வு பொருளற்றதாக்கிவிட்டது. இந்தியாவில் இந்த அளவிலான பகிர்வு கிரிக்கெட்டில் மட்டுமே இருக்கிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டு, அதில் கணிசமான பங்கு அணிகளுக்குப் போகிறது. அங்கே வாசல் வருமானம் இரண்டாம் பட்சம். கால்பந்திலோ பணம் அணியிலிருந்து லீகுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூட்டமைப்போடு 2010இல் செய்த பதினைந்தாண்டு வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதற்கு முன்பு புதிய உரிமைக்கு ஏலம் அறிவிக்கப்பட்டபோது, கேட்க ஒருவரும் முன்வரவில்லை. பருவம் தள்ளிப்போய், சில அணிகள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தன. 2026 பிப்ரவரியில்தான் சுருக்கப்பட்ட வடிவில் தொடர் தொடங்கியது. அவ்வாண்டில் பாலக்காட்டுக்கு ஐ.எஸ்.எல். அணி இருந்திருந்தால் அதன் கதி என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கனக்கிறது.

அத்தகைய பகிர்வு இல்லாத விளையாட்டுகளில் நடுத்தர நகரத்தின் அணியை இரண்டே வழிகள் காப்பாற்றியிருக்கின்றன. ஒன்று, ஊரையே தன் ஊராகக் கருதும் பெருநிறுவனம். ஜாம்ஷெட்பூரின் அணியை 2017இல் தொடங்கிய டாடா ஸ்டீல் அப்படிப்பட்டது. மற்றது, மாநில அரசு. டெல்லியில் ஆடிவந்த அணி 2019இல் ஒடிசா எஃப்.சி. என்று புவனேஸ்வரத்துக்குப் பெயர்ந்ததும், ரூர்கேலா என்ற எஃகு நகரில் இருபதாயிரம் இருக்கை கொண்ட பிர்சா முண்டா ஹாக்கி அரங்கம் 2023 உலகக் கோப்பைக்கென எழுந்ததும், ஏழாண்டு இடைவெளிக்குப் பின் ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் அதே அரங்கத்தில் மீண்டும் தொடங்கியதும் ஒடிசா அரசின் ஆதரவால் நிகழ்ந்தவை. ஹாக்கியில் பெயர்பெற்ற கோவில்பட்டியிலும், 2025இல் இளையோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்த மதுரையிலும் ஆட்டக்காரரும் ஆர்வலரும் இருக்கிறார்கள். இந்த இரண்டு தூண்களில் ஒன்று நிற்காதவரை அங்கும் லீக் அணி கனவுதான்.

நிறுவனம் ஊரைத் தாங்கும் முறைக்கு இடுக்கியின் எல்லையோரத்திலேயே பழைய எடுத்துக்காட்டு உண்டு. மூணாறின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பெரும் கொண்டாட்டமான ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி, தோட்டங்களை நடத்திய ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனியின் பெயரைத் தாங்கியது. நிர்வாகம் 1964இல் டாடா-ஃபின்லே கூட்டுக்கும், பிறகு டாடா டீக்கும், 2005 முதல் தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் நிறுவனத்துக்கும் கைமாறியபோதும் போட்டி நிற்கவில்லை. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் இந்த ஆட்டங்களில் பந்து விரட்டுபவர் வார நாளில் கொழுந்து நிறுக்கும் இடத்திலோ ஃபாக்டரியிலோ வேலை பார்ப்பவர். அவர் லயத்தில் குடியிருப்பவர்களே பார்வையாளர்கள். அங்கே வாசல் கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் மைதானமும் வண்டியும் விடுப்பும் கம்பெனியின் பொறுப்பு. பதினொரு லட்சம் மக்களை மலைகளுக்கிடையே சிதறலாக வைத்திருக்கும் இடுக்கி மாவட்டத்தில் டிக்கெட் விற்று அணி நடத்துவதைப் பற்றி இத்தொழிலில் இருப்பவர் எவரும் பேசமாட்டார். ஆட்டம் முடிந்து மூணாறு வழியாக மறையூருக்கோ வட்டவடைக்கோ பனிமூட்டத்தில் இரவு திரும்ப வேண்டியவரை மாலை ஆட்டத்துக்கு அழைக்க முடியாது. ஓட்ட வீராங்கனைகள் ஷைனி வில்சனையும் பீனாமோளையும் தந்த அந்த மாவட்டத்துக்குத் தேவை அரங்கமும் அணியும் அல்ல, எஸ்டேட் ஆட்டத்தில் கண்ணுக்குப் படும் பதினைந்து வயதுப் பையன் போய்ச் சேர ஓர் அணி.

பாலக்காட்டில் இந்த இரண்டு தூண்களும் இல்லை. கஞ்சிக்கோட்டில் பி.இ.எம்.எல்., ஐ.டி.ஐ. போன்ற பெரிய தொழிற்சாலைகள் இருந்தாலும் விளம்பரச் செலவுக்குக் கையெழுத்திடும் மேசை பெங்களூரில் இருக்கிறது. தனியார் நிறுவனங்களுக்கும் தலைமையகம் வேறு நகரங்களில். உள்ளூரில் பணம் தரக்கூடியவர்கள் நகைக்கடை, ஜவுளிக்கடை, மருத்துவமனை, அரிசி ஆலை, திருமண மண்டபம் நடத்துபவர்கள். அவர்கள் கமிட்டி கேட்டால் ஒரு கேலரிப் பலகைக்குத் தாராளமாகப் பணம் தருவார்கள். கொடுத்த பணம் அந்த ஒரு மாதத்துக்குள் ஊரார் கண்ணில் பட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். மூன்றாண்டு ஒப்பந்தம் என்றதும் பேச்சு மாறிவிடும். அது அவர்களின் குறை அன்று. பருவ வியாபாரம் செய்பவரின் கையிருப்பு அப்படித்தான் இருக்கும்.

மைதானம் இன்னும் பெரிய சிக்கல். நகரின் நடுவே கோட்டையை ஒட்டிய மைதானமும், இந்திரா காந்தி பெயரிலான நகராட்சி அரங்கமும் இருந்தும், லீக் விதிக்கும் புல்தரை, விளக்கு, உடைமாற்றும் அறை, அவசர வாசல் ஆகியவற்றோடு ஆண்டு முழுவதும் ஓர் அணி நம்பி ஆடக்கூடிய அரங்கம் வாய்க்கவில்லை. தற்காலிகக் கேலரியை வைத்தே எல்லாவற்றையும் சமாளிக்கலாம் என்ற பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பாலக்காடு நேரில் கண்டது. அது தனராஜனின் நினைவோடு சேர்ந்தது. பாலக்காட்டில் பிறந்து, கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றிலும் ஆடிய தற்காப்பு வீரர் ஆர். தனராஜன், 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்போது மைதானத்திலேயே சரிந்து இறந்தார், வயது 39. அவர் குடும்பத்துக்கு நிதி திரட்டுவதற்காக அடுத்த மாதம் நூரணி மைதானத்தில் ஏற்பாடான ஆட்டம் தொடங்குமுன் தற்காலிகக் கேலரி இடிந்து பலர் காயமடைந்தனர். நாட்டின் தலைசிறந்த மூன்று அணிகளின் சட்டையை அணிந்த ஒருவருக்குச் சொந்த ஊரில் மாதச் சம்பளம் தரும் அணி ஒன்று இருந்ததில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி பேசும் செவன்ஸே இறுதிவரை அவர் களம். ஓய்வு வயதை நெருங்கும் வீரருக்கு மருத்துவப் பரிசோதனையும் காப்பீடும் சேமநிதியும் தரக்கூடிய அமைப்பு ஊருக்குள் வேண்டும் என்பதே பாலக்காட்டுக்கு அணி கேட்பதற்கான மிக வலுவான காரணம். கொடியும் கோஷமும் அதற்குப் பின்புதான்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: பாலக்காடு எந்த உயரத்து லீகைத் தாங்கும்? 2024 செப்டம்பரில் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா இதற்கு ஒரு வாயிலைத் திறந்திருக்கிறது. கோழிக்கோடு, கொச்சி, கண்ணூர், மலப்புறம், திருவனந்தபுரம், திருச்சூர் ஆகிய ஆறு ஊர்களின் அணிகளோடு தொடங்கிய அந்த மாநில லீகின் முதல் பருவத்தில் கண்ணூரும் திருச்சூரும் சொந்த மைதானம் இல்லாமல் கோழிக்கோட்டிலும் மஞ்சேரியிலும் ஆடின. இது கவனிக்க வேண்டிய எச்சரிக்கை. ஊரின் பெயரில் அணி இருந்து, ஆட்டம் வேறு ஊரில் நடந்தால், வாசலும் இல்லை, உள்ளூர் விளம்பரமும் இல்லை. அணியைத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஊருக்கு அதன்மீது உரிமை உணர்வு வளர்வதில்லை. அதே 2024இல் தொடங்கிய கேரளக் கிரிக்கெட் லீகின் ஆறு அணிகளும் திருவனந்தபுரத்தின் ஒரே மைதானத்தில்தான் ஆடின. இரண்டு லீகுகளிலும் பாலக்காட்டின் பெயர் இல்லை.

மாநில லீக் அளவில் கணக்கு எப்படி அமையும் என்று பார்க்கலாம். ஆறு அணித் தொடரில் சொந்த ஊரில் ஐந்து ஆட்டங்கள். ஆட்டத்துக்கு எட்டாயிரம் பேர், தலைக்கு 120 ரூபாய் என்றால் வாசலில் 48 லட்சம். எட்டாயிரம் என்பது செவன்ஸ் வாசலில் அமர்ந்தவருக்கு அச்சுறுத்தும் எண்ணாகத் தெரியாது, ஏனெனில் ஐந்தே ஆட்டங்கள் என்பதால் ஒவ்வொன்றையும் திருவிழா நாளைப் போல நடத்தலாம். 500 ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுக்குச் சரக்கு சேவை வரியும் இல்லை. இந்தத் தொகை அணியின் முழுச் செலவையும் ஈடுகட்டாது. ஆயினும் குறைவது எவ்வளவு என்பது உள்ளூர் வணிகர்கள் ஒன்றுகூடி ஏற்கக்கூடிய எல்லைக்குள் நிற்கும், ஐ.எஸ்.எல்.லில் அது ஒற்றைப் பெருமுதலாளியின் மனநிலையைச் சார்ந்து நிற்கும். தொழில்முறையில் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கூட்டத்தைக் கணக்கிடுகையில் மாநில எல்லையைக் கோடாகப் பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் வாழும் தமிழருக்குச் சந்தையும் மருத்துவமனையும் சினிமாவும் கோயம்புத்தூரோ பொள்ளாச்சியோ ஆக இருப்பதுபோலவே, அந்தத் தமிழ்நாட்டுப் பகுதிகளில் பந்து பார்க்க நல்ல ஆட்டம் கிடைக்காதவர்களுக்குப் பாலக்காடு ஒரு மணி நேரப் பயணம். கேரளக் கால்பந்துச் சங்கமும் தமிழ்நாட்டுக் கால்பந்துச் சங்கமும் வீரர் பதிவைத் தனித்தனியே வைத்திருக்கலாம், பார்வையாளருக்கு அப்படி எந்தப் பதிவும் கிடையாது. அணியின் நோட்டீஸ் இரு மொழியிலும் அச்சாக வேண்டும். அறிவிப்பு வண்டி கோவிந்தாபுரம் வரையும் வாளையாறு வரையும் போக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சித்தூர் வழியாகவும் வாளையாறு வழியாகவும் பேருந்து கிடைக்கும்படி போக்குவரத்துக் கழகத்தோடு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். கடைசி வண்டியின் நேரம் தெரியாமல் ஆட்டத்தின் நேரத்தைக் குறிக்கும் நிர்வாகம் முதல் பருவத்திலேயே தன் பார்வையாளரில் ஒரு பகுதியை இழந்துவிடும். செவன்ஸ் கமிட்டிகளோடும் பகைத்துக்கொள்ளக் கூடாது. செவன்ஸ் நடக்கும் இரவுகளைத் தவிர்த்து லீக் ஆட்டங்களை மழைக்காலத்துக்கும் நவம்பருக்கும் இடையே வைத்தால் ஒரே வீரரும் ஒரே பார்வையாளரும் இரண்டையும் வளர்ப்பார்கள். சூப்பர் லீக் கேரளாவின் முதல் பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் 10 அன்று கோழிக்கோட்டில் முடிந்தது இதற்குப் பொருத்தமான காலம்.

அணிக்கு உரிமம் வாங்கப் புறப்படுவோர் அதற்கு முன்பாக இரண்டு தாள்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதே வாசல் கணக்குப் பழகியவரின் வற்புறுத்தல். முதலாவது, நகராட்சியோடோ மாவட்ட விளையாட்டுக் கவுன்சிலோடோ குறைந்தது பத்தாண்டுக்குச் செய்த மைதான ஒப்பந்தம். அதில் நிரந்தரக் கேலரியை எவர் கட்டுவார், எவர் ஆண்டுதோறும் சோதிப்பார் என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, ஒரு பருவத்தின் முழுச் சம்பளத்துக்கும் வங்கி உத்தரவாதம். லீக் நடத்துவோர் தங்கள் கட்டணத்துக்காக அணிகளிடம் உத்தரவாதம் கேட்பதுண்டு. வீரருக்கும் பயிற்றுநருக்கும் புல்தரை பராமரிப்பவருக்கும் அதே பாதுகாப்பு இருப்பதில்லை. உரிமையாளர் கை விரித்தாலும், ஒளிபரப்பு நின்றாலும், அடைமழையில் வாசல் காய்ந்தாலும், மாதத்தின் முதல் வாரத்தில் சம்பளம் போய்ச் சேரும்படி அந்த உத்தரவாதம் வீரர்களின் பெயரில் இருக்க வேண்டும். அதைத் தர இயலாத அணியின் டிக்கெட் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பக் கூடாது.